எட்டு விளக்கும் எரிந்தன

என் வலது கட்டைவிரல் நுனியில் எப்போதும் ஒரு வலி உண்டு. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் ஒரு சிலாம்பு ஏறி உள்ளேயே தங்கிவிட்ட மாதிரி இருக்கும். இருபது வருடமாகக் கம்பிகளைப் பிரித்துப் பிரித்து வந்த வலி. சட்டைப் பொத்தான் போடும்போது தெரியும். சோறு பிசையும்போது தெரியும். இப்போது இந்தப் பேனாவைப் பிடித்திருக்கும்போதும் தெரிகிறது. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன், மேடம். நீங்கள் சொன்னபடி முழுசாக, என் கையாலேயே எழுதித் தருகிறேன். மாஜிஸ்திரேட் முன்னால் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

என் பெயர் சிட்டிபாபு. வயது நாற்பத்தொன்று. பம்மலில் குடியிருக்கிறேன். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குக் கேபிள் போடுவது என் தொழில். இன்ஸ்பெக்டர் லோகநாயகி மேடம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. கிழக்குத் தாம்பரத்து ஆஸ்பத்திரியில் 307ஆம் ரூமில் அபிதகுஜாம்பாள் என்ற எழுபத்திரண்டு வயது அம்மா இறந்த அன்று, அவர் அழுத்திய பெல் ஏன் நர்ஸ் மேஜைக்கு வந்து சேரவில்லை. நர்ஸ் ஜோசலின் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று ஆஸ்பத்திரி சொல்கிறது. வழக்கும் அந்தப் பெண் மேல்தான் இருக்கிறது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. பதில் கேபிளுக்குள் இருக்கிறது. கேபிள் புரியாமல் பதில் புரியாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வீர்கள். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இன்சார்ஜ் மோகன்ராஜுக்குத்தான் ஆறு வருடமாகப் புரியவில்லை.

ஒரு நீல உறை. அதற்குள் எட்டுச் செம்புக் கம்பி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கி வைத்திருப்பார்கள். அழகுக்காக இல்லை. கரண்ட் லைன், லிஃப்ட் மோட்டார், ஏ.சி., பக்கத்து ஜோடி எல்லாமே காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு கம்பி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போனால் அந்தச் சத்தம் இரண்டிலும் ஒரே அளவு விழும். அடுத்த முனையில் இருக்கிற மெஷின் இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். சமமாக விழுந்த சத்தம் கழிந்து போகும், அனுப்பின சேதி மட்டும் நிற்கும். முறுக்கு இல்லையென்றால் சேதி சத்தத்துக்குள் முங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

இதற்கு ஸ்டாண்டர்ட் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் கேபிள் தொண்ணூறு மீட்டரைத் தாண்டக் கூடாது. முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. கரண்ட் பைப்போடு சேர்த்துக் கட்டக் கூடாது. செம்பு முழுச் செம்பாக இருக்க வேண்டும், அலுமினியத்துக்குச் செம்பு பூசினது ஆகாது. எட்டுக் கம்பிக்கும் வரிசை உண்டு: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இதில் பச்சை ஜோடியைப் பாருங்கள். ஒன்று மூன்றாவது இடத்தில், இன்னொன்று ஆறாவது இடத்தில். நடுவில் நீல ஜோடி புகுந்து உட்கார்ந்திருக்கும். மெஷினுக்கு மூன்றும் ஆறும்தான் ஜோடி. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு இது ஒழுங்கில்லாமல் தெரியும். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் என்று அழகாக அடுக்கி விடுவான். அப்போது மூன்றில் பச்சை ஜோடியின் கம்பி இருக்கும், ஆறில் நீல ஜோடியின் கம்பி இருக்கும். ஒன்றையொன்று சுற்றாத இரண்டு கம்பியில் மெஷின் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். தொழிலில் இதற்கு ஸ்ப்ளிட் பேர் என்று பெயர்.

இந்தத் தப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கிவிட்டால், கடையில் முந்நூறு ரூபாய்க்கு விற்கிற டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த முனையில் முதல் கம்பி அந்த முனையில் முதல் கம்பியாக வந்ததா. ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லா விளக்கும் பச்சையாக எரியும். பத்து மீட்டர் கேபிளில் வேலையும் நடக்கும். எண்பது மீட்டரில் திக்கும். ஒரு தடவை சேதி போகும், ஒரு தடவை போகாது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா பம்மல் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் இழுத்தவர். அவர் விரலில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் இப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லும். நான் பதினேழு வயதில் வேளச்சேரி ரோட்டில் டெலிபோன் கேபிளுக்குப் பள்ளம் வெட்டினேன். அப்புறம் கேளம்பாக்கத்தில் ஐ.டி. கட்டடங்களில் கேபிள் இழுத்தேன். அங்கே ஒரு கம்பெனியில் வேலை முடித்தபோது பெரிய டெஸ்டிங் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். இருநூறு பாயிண்டில், அதாவது கேபிள் வந்து முடிகிற சுவர்ப் பெட்டியில், நாற்பத்தொன்று ஃபெயில். அந்த என்ஜினியர் எங்களைத் திட்டவில்லை. மெஷினை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எந்தக் கேபிள், எத்தனையாவது மீட்டர், எந்த ஜோடி கெட்டது, எல்லாம் திரையில் இருந்தது. அந்த மெஷின் நீ எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. கைவேலையை மட்டும் பார்த்தது. அன்றிலிருந்து பதினெட்டு வருடம் நான் போட்ட ஒரு பாயிண்டும் அந்த மெஷினில் ஃபெயில் ஆனதில்லை. தற்பெருமைக்குச் சொல்லவில்லை. 307இன் பெல் கைதவறிக் கெட்டது என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜனவரியில் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. மூன்று மாடி, அறுபத்து நான்கு பாயிண்ட். அதில் படுக்கை பெல்லும் சேர்த்தி. என்னோடு குப்புராஜ். பத்து வருடமாக என்னோடு கேபிள் இழுக்கிறவன். மேற்பார்வை மோகன்ராஜ். குரோம்பேட்டைப் பையன், வயது இருபத்தொன்பது, என்ஜினியரிங் படித்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் என்னை நீ என்பார். நான் அவரைச் சார் என்பேன். அது பழக்கம்தான், அதற்காக யாரும் கோபப்படுவதில்லை.

முதல் வாரமே கேட்டேன்.

"சார், கடைசில ஒரு நாள் டெஸ்டிங் மெஷின் வாடகைக்கு எடுத்துக்கலாம் சார். அறுபத்தி நாலு பாயிண்டும் பாத்துடலாம். பெல்லு லைனுலாம் கீது, ஆஸ்பத்திரி வேற."

"அதெல்லாம் ஐ.டி. கம்பெனிக்குப்பா. என்கிட்டயே டெஸ்டர் இருக்கு. எட்டு லைட்டும் எரிஞ்சா ஓகே. நீ கேபிள இழு, டெக்னிக்கல் மேட்டர நான் பாத்துக்கறேன்."

கீழே வந்ததும் குப்புராஜ் சொன்னான், "எட்டு லைட்டு எரிஞ்சா போதும்னா கிறிஸ்மஸ் ஸ்டாரு ஒண்ணு வாங்கியாந்து மாட்டிட்டுப் போலாமே மச்சான். இன்னாத்துக்கு நாம சீலிங்ல பூந்து சாவணும்?" நானும் சிரித்தேன். அது வரைக்கும் எனக்கு யார் மேலும் எதுவும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. பில்லிங் கவுண்டரில் இரண்டு கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடியது. வரிசையில் இருபது பேர் நின்றார்கள். நான் பாயிண்டைத் திறந்து பார்த்தேன். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை. அந்த இரண்டு பாயிண்டும் எங்கள் வேலை இல்லை. போன வருடம் மோகன்ராஜ் தன் கையால் போட்டது. நான் அவர் பக்கத்தில் போய், மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சார், ஜோடி மாறிக் கீது. ஸ்ப்ளிட் பேரு. நான் மாத்திக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியவேணாம்."

அதற்குள் மேனேஜர் சுப்ரமணியன் சார் வந்துவிட்டார். "என்ன மோகன், என்ன ப்ராப்ளம்?"

"இவர் ஆளுங்க போட்ட பாயிண்ட் சார். கலர் மாத்திப் போட்டு வெச்சிருக்காங்க. பம்மல்ல தோல் கழுவிட்டு இருந்தவங்க சார், ஸ்டாண்டர்டுன்னா என்னன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் அப்பா தோல் ஷெட்டில் இருந்தார் என்பதை நான்தான் ஒரு நாள் டீ குடிக்கும்போது மோகன்ராஜிடம் சொல்லியிருந்தேன்.

"சார்கிட்ட சாரி சொல்லுப்பா," என்றார் மோகன்ராஜ்.

"தப்பு என்னோடது சார். மன்னிச்சுடுங்க."

"அவருக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். ஏன் சொன்னாய் என்று நீங்கள் கேட்கலாம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூன்று தலைமுறையாகப் பழகின வாய். ஜோசலின் கையில் ஃபைலோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் தரையைப் பார்த்தாள். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனிமேல் இந்தக் காகிதத்தில் மோகன்ராஜை அவன் என்றே எழுதுகிறேன்.

அந்த இரண்டு பாயிண்டையும் அன்றே மாற்றிக் கொடுத்தேன். ஸ்டாண்டர்ட்படிதான். வெட்டி எடுத்த பழைய முனைகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டேன். அந்தக் கவரை இந்தக் காகிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள். அது அவன் கைத்தப்பு.

மார்ச் மூன்றாம் தேதி, காலை பதினொரு மணி. அந்த வாரம் ஒவ்வொரு பாயிண்டையும் டெஸ்ட் செய்து ஷீட்டில் அவனிடம் கையெழுத்து வாங்கும் வாரம். 307ஆம் ரூம் மூன்றாவது மாடியில் கடைசி. கீழே எல்லாக் கேபிளும் வந்து சேரும் ரேக் இருக்கிற அறையிலிருந்து எண்பத்தெட்டு மீட்டர். ஸ்டாண்டர்டுக்குள்தான். ஜனவரியில் அதை நானே சரியாகப் போட்டிருந்தேன். அன்று அதைத் திரும்பத் திறந்தேன்.

அபிதகுஜாம்பாள் அம்மா கட்டிலில் படுத்திருந்தார். இடுப்பு எலும்பு ஆபரேஷன். திரும்பிப் படுக்கவே இன்னொருவர் வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். மகள் ப்ரியா சாயந்திரம் வேலை முடிந்துதான் வருவாள்.

"பெல்லு நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டார்.

"சர்வீஸ்மா. எல்லா ரூமும் பாக்கறோம்."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்ப்பா, இந்தக் கம்பிய எதுக்கு சடை மாதிரி பின்னி வெச்சிருக்காங்க?"

நான் சொன்னேன். மேலே உங்களுக்கு எழுதியிருக்கிறேனே, அதேதான். சத்தம், இரண்டு கம்பி, வித்தியாசம். இரண்டே நிமிடம்.

"அப்போ ரெண்டுலயும் விழுந்தது கழிஞ்சு போயிடுது. மிச்சம் நிக்கிறது விடை," என்றார். "நல்லா சொல்லித் தரியே. எங்க ஸ்கூல்ல எட்டாங்கிளாஸுக்கு உன்ன விட்டிருக்கலாம். நானாவது அடிப்பேன், நீ அடிக்கமாட்ட போல."

"கைவலிம்மா. அடிக்க முடியாது."

அவர் சிரித்தார். என் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டு, நான் சொல்லி, அவர் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொண்டே என் கை பச்சைக்குப் பக்கத்தில் பச்சையை வைத்துக்கொண்டிருந்தது. "எவ்வளவு அழகா அடுக்கறான் பாரு," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு கீழே போய், ரேக்கில் 307இன் அடுத்த முனையையும் அதே மாதிரி மாற்றினேன். மோகன்ராஜ் இரண்டடி தள்ளி நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்த்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது, அவனே அப்படித்தானே போடுவான். டெஸ்டரை மாட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு விளக்கும் எரிந்தன. ஸ்டாண்டர்ட்படி சோதிக்கப்பட்டது, சரி, என்று ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மறுபடி மேலே போய்ப் பெல்லை அழுத்திக் காட்டினேன். வராந்தாவில் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. "நன்றிப்பா," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பேப்பரை எடுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அழுத்தினேன். அடிக்கவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நான் நினைத்தது பெரிதாக ஒன்றும் இல்லை. பெல் அடிக்கவில்லை என்று புகார் வரும். மோகன்ராஜ் டெஸ்டர் வைப்பான், எட்டு விளக்கும் எரியும், ஒன்றும் புரியாது. மறுபடி புகார் வரும். என்னைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நான் பெரிய மெஷினை என் செலவில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவேன். சுப்ரமணியன் சார் முன்னால் பாயிண்டைத் திறப்பேன். கவரில் இருக்கிற பழைய முனையைப் பக்கத்தில் வைப்பேன். அதே தப்பு, அதே வரிசை. நான் போட்டதற்கு அப்புறம் மோகன்ராஜ் சார் கை வைத்திருக்கிறார் என்று சொல்வேன். பொய்தான். பில்லிங் கவுண்டரில் அவன் சொன்னதைவிடப் பெரிய பொய் இல்லை.

புகார் வந்தது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்தது. மார்ச் பன்னிரண்டு மதியம் ஜோசலின் என் நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தாள். நாங்கள் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேக்டரி ஆபீஸில் வேலையாக இருந்தோம். அப்போதுதான் சாப்பாட்டைப் பிரித்திருந்தோம்.

"அண்ணா, 307 பெல்லு ஒரு நேரம் அடிக்குது, ஒரு நேரம் அடிக்கல. மோகன் சார்கிட்ட ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். லைட்டெல்லாம் எரியுது, நீதான் சீட்டுல இருக்கறதில்லன்றாரு. நீங்க ஒரு நடை வந்து பாருங்கண்ணா."

"அவர் கூப்டா வரேன்மா. அவர் சொல்லாம நான் கை வெக்க முடியாது."

"அந்த அம்மாவுக்கு நேத்துலேர்ந்து மூச்சு வாங்குதுண்ணா. டாக்டர் பாத்துட்டுதான் இருக்காரு. வேற ரூம் கேட்டேன், தரமாட்டேன்றாங்க. ஒரு டம்ளரும் ஸ்பூனும் குடுத்து, பெல்லு அடிக்கலன்னா தட்டுங்கம்மான்னு சொல்லி வெச்சிருக்கேன். எவ்ளோ நாளைக்கு இப்படி?"

"மோகன்ராஜ் சார ஒரு போன் பண்ணச் சொல்லுமா. ஒரே ஒரு போன். அடுத்த நிமிஷம் கெளம்பிடறேன்."

குப்புராஜ் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னாவாம்? பெல்லா? போய்ப் பாத்துட்டு வந்துடலாமே. மேல ஒரு முனை, கீய ஒரு முனை, பத்து நிமிஷ வேல."

"அவன் கூப்டட்டும்."

"அவன் எதுக்குடா கூப்டணும்? பேஷன்ட்டு கீது உள்ள."

"அவன் கூப்டட்டும்னு சொன்னேன்."

நான்கு நாள் போனில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். குளிக்கும்போதுகூட ஜன்னலில் வைத்திருந்தேன். அவன் கூப்பிடவில்லை.

மார்ச் பதினாறு மதியம் நடந்தது உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. இரண்டு முப்பத்தொன்றிலிருந்து இரண்டு ஐம்பத்திரண்டு வரை அந்த அம்மா பதினோரு தடவை பெல்லை அழுத்தியிருக்கிறார். பெல்லின் நினைவில் பதினொன்றும் பதிவாகியிருக்கிறது. நர்ஸ் மேஜையில் பெல் சேதியைக் காட்டும் பலகையில் ஒன்றும் இல்லை. அதை வைத்துத்தான் ஜோசலின் பலகையை அணைத்து வைத்திருந்தாள் என்கிறார்கள். அணைக்கவில்லை. அவள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த ஒருவரை 301இல் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. பலகைக்குச் சேதியே வரவில்லை. மதியம் எல்லா ரூமிலும் ஏ.சி. ஓடும், லிஃப்ட் ஓடும். ஜோடி பிரிந்த கேபிள் அந்த நேரத்தில்தான் மோசமாகத் திக்கும். அது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். பெல்லுக்கு வேண்டிய கரண்டும் அதே கேபிளில்தான் வருகிறது, கம்பி எந்த வரிசையில் இருந்தாலும் கரண்ட் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பெல்லில் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். சேதி போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஃபைலில் நேரத்தைப் பாருங்கள். முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நான்கு நிமிடம். யாரோ வருகிறார்கள் என்று நம்பிக் காத்திருந்திருக்கிறார். கடைசி ஏழும் இரண்டே நிமிடத்துக்குள். டம்ளர் கட்டிலுக்கு அடியில் கிடந்ததாகச் சொன்னார்கள். நான் அந்த அம்மாவைத் தொட்டதுகூட இல்லை.

என் கணக்குப்படி அன்று மோகன்ராஜ் மாட்டியிருக்க வேண்டும். என்ன நடந்தது தெரியுமா. அவன் அந்த ஷீட்டைக் காட்டினான். டெஸ்ட் செய்தேன், எட்டு விளக்கும் எரிந்தன, கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கேபிள் நன்றாக இருக்கிறது, ஆள்தான் சரியில்லை. சுப்ரமணியன் சார் தலையாட்டினார். உங்கள் எஸ்.ஐ. அந்த ஷீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவனை மாட்டவைக்க நான் வாங்கின கையெழுத்து அவனைக் காப்பாற்றிவிட்டது. 307ஐப் பூட்டினார்கள். பாயிண்டைத் திறந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவருக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதைச் செய்கிறவனையும் பார்ப்பதில்லை.

மார்ச் இருபதாம் தேதி ஜோசலினை அழைத்துக்கொண்டு போனீர்கள். ஏப்ரல் பதினெட்டாம் தேதி டீக்கடையில் குப்புராஜ் ஒரு சேதி சொன்னான். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேளம்பாக்கத்தில் புதிதாகக் கட்டுகிற கிளைக்கு மோகன்ராஜ்தான் ஐ.டி. ஹெட்டாம். "அங்க ஐந்நூறு பாயிண்டாம் மச்சான். அவன்தான் டெஸ்ட் பண்ணி கையெய்த்து போடுவானாம்." பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு நான் உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜோசலினுக்காகத்தான் வந்தேன். அந்தப் பெண் என்னை அண்ணா என்று கூப்பிட்டவள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நேற்று நீங்கள் கேட்க ஆரம்பித்து நிறுத்திவிட்டீர்கள். ஏன் 307. அறுபத்து நான்கு பாயிண்டில் ஏன் அது. நீளம் என்று நேற்றுச் சொன்னேன். நீளம் சரிதான். ஆனால் பக்கத்தில் 306 எண்பத்தைந்து மீட்டர். அன்று அது காலியாக இருந்தது. காலி ரூமில் பெல்லை யார் அழுத்துவார்கள், மேடம். யாரும் அழுத்தாத பெல் கெட்டால் புகார் வராது. 304இல் கால் முறிந்த ஒரு பையன் இருந்தான். பெல் அடிக்காவிட்டால் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான், யாராவது ஓடி வருவார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். எழுந்திருக்க முடியாத ஆள் வேண்டும். கத்திக் கூப்பிடக் குரல் எழும்பாத ஆள் வேண்டும். பெல்லை விட்டால் வேறு வழி இல்லாத ஆள். அப்போதுதான் புகார் கனமாக இருக்கும், மேனேஜர் வரைக்கும் போகும். ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்த பிறகுதான் அவர் சடையைப் பற்றிக் கேட்டார். கேட்ட பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் நன்றாகப் புரிந்துகொண்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலையையும் முடித்தேன்.

இதுதான் முழுசு. 307ஐத் திறந்து சுவரில் இருக்கிற பாயிண்டைக் கழற்றுங்கள். ரேக்கிலும் பாருங்கள். இரண்டிலும் பச்சைக்குப் பக்கத்தில் பச்சை இருக்கும். அது என் கை. கவரில் இருப்பது அவன் கை. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். திறக்கும்போது மோகன்ராஜைப் பக்கத்தில் விடாதீர்கள், டெஸ்டர் மாட்டி உங்களுக்கும் எட்டு விளக்கைக் காட்டுவான். ஜோசலினை விட்டுவிடுங்கள். என்னை எத்தனை வருடம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். சுமை தூக்கி வளர்ந்த உடம்பு, தாங்கும். ப்ரியா வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்றால் வரட்டும், எழுந்து நிற்கிறேன். அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என்னைக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யுங்கள், மேடம். அதே பில்லிங் கவுண்டருக்கு என்னை அழைத்துக்கொண்டு போங்கள். விலங்கு போட்டே அழைத்துப் போங்கள், பரவாயில்லை. புதன்கிழமையாக இருந்தால் நல்லது, வரிசையில் ஆட்கள் இருப்பார்கள். சுப்ரமணியன் சார் நிற்கட்டும். அந்த இரண்டு பாயிண்டும் யார் போட்டது என்று அவன் வாயால் சொல்லட்டும். கேட்கவில்லை என்றால் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். இத்தனைக்கும் அப்புறம் அது மட்டும்தான் தீராமல் இருக்கிறது. மோகன்ராஜ் எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறான்.